அம்மாவின் நெகட்டிவும் ஒரு பழைய ஸ்கேனரும்

எங்க அம்மா தவறினப்ப எனக்கு ஆறு வயசு. வீட்டுல அவங்க போட்டோ ஒண்ணுகூட இல்ல. போன தை மாசம் சித்தப்பா வீட்டுப் பரணைச் சுத்தம் பண்றப்ப, ஹார்லிக்ஸ் பாட்டில்ல சுருட்டி வெச்ச பிலிம் கிடைச்சது. வாத்தியாரா இருந்த அவர்கிட்ட ஆக்பா கிளிக் கேமரா இருந்தது ஞாபகம் இருக்கு. அதுக்கு 120 பிலிம். ஒரு சுருளுக்கு 12 படம், ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் சதுரம். வெயில்ல தூக்கிப் பார்த்தேன். கறுத்த முகம், வெள்ளை முடி, கிணத்து மேட்டுல ஒரு பொம்பள.

ஸ்டுடியோவுல கேட்டா, 35 எம்எம் சின்ன பிலிம்தான் அவங்க மெஷின்ல போகுமாம். தபால்ல வெளியூருக்கு அனுப்ப மனசு வரல. தொலைஞ்சா வேற எங்க போறது? சரி, பழைய ஸ்கேனர் ஒண்ணு வாங்கிடலாம்னு இறங்கினேன்.

முதல்ல ஒருத்தர் "நெகட்டிவ் எல்லாம் வருங்க"ன்னு எப்சன் வி370 காட்டினார். நல்ல மெஷின்தான், ஆனா 35 எம்எம்முக்கு மட்டும். காகிதப் போட்டோவுக்கு வெளிச்சம் கீழ இருந்து பட்டுத் திரும்பினா போதும். நெகட்டிவுக்கு மூடியில இருந்து வெளிச்சம் பிலிமை ஊடுருவி இறங்கணும். மூடியில இருக்கற அந்த விளக்குப் பட்டை ஆறு சென்டிமீட்டருக்கு மேல அகலமா இருந்தாத்தான் நம்ம பிலிம் முழுசா விழும். கையில பிலிம் கொண்டு போயிருந்ததால தப்பிச்சேன்.

அப்புறம் ரயிலேறி பெங்களூரு எஸ்.பி. ரோடு. எங்க பக்கம் பாதிப் பேருக்குக் கன்னடம் வரும், பேரத்துக்கு அது உதவிச்சு. அங்க வி600 இருந்தது. பெட்டியில 6400 டிபிஐன்னு பெருசா போட்டிருந்தாலும் அதுல மயங்க வேண்டாம். நம்ம சதுரம் 2.2 அங்குலம். 1600 வெச்சாலே 3,500 புள்ளி வருது, 12 அங்குலப் படம் போட அது போதும். கண்ணாடிக்கு உள்பக்கம் புகை படிஞ்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். 120 பிலிமை மாட்டற சட்டம் காணோம். பிலிமை அப்படியே கண்ணாடி மேல வெச்சா எண்ணெய் மிதக்கற மாதிரி வளையம் விழுது. அதைச் சொல்லியே 2,000 குறைச்சேன்.

வீட்டுல பையன் கறுப்பு அட்டையில சட்டம் வெட்டினான். கண்ணாடியோட ஒரு ஓரத்துத் துண்டை மறைக்கக் கூடாது, அங்கதான் மெஷின் வெளிச்சத்தை அளந்துக்குது. இது புரியறதுக்குள்ள ஒரு ராத்திரி போச்சு. சுருண்ட பிலிமை விதை மூட்டைக்கு அடியில நாலு நாள் வெச்சோம். தூசி நீக்கற டிஜிட்டல் ஐஸ் வசதியைக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு அணைச்சே வெக்கணும். வெள்ளித் துகளையும் தூசின்னு நினைச்சு அது முகத்தை அழிச்சிடும்.

திரையில அம்மா வந்தாங்க. பின்னால கவலை இறைக்கற மாடு. அவங்க இடுப்புல ஒரு குழந்தையோட கால் மட்டும் தெரியுது. அக்காவுக்கு அனுப்பினேன். "அது என் கால்டா, கொலுசு பாரு"ங்கறா. எனக்கு அது என் கால் மாதிரிதான் இருக்கு. இன்னும் 11 படம் பாக்கி.