இருபது கொண்டை ஊசிகளும் ஒரு கிளட்ச் ஒயரும்

1987-ல் ஏற்காட்டில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக இருந்தேன். வீடு சேலத்தில். தினமும் பஜாஜ் சேத்தக்கில்தான் மலையேறி இறங்குவேன். சேலம் பக்கத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். போக வர நாற்பது. ஒவ்வொன்றிலும் கிளட்சைப் பிடித்து, இடது கைப்பிடியைத் திருகிக் கியரைக் குறைக்க வேண்டும்.

இப்படி ஓட்டினால் கிளட்ச் ஒயர் தொய்ந்துவிடும். அப்புறம் பிடியை முழுக்க அழுத்தினாலும் கிளட்ச் விடாது. கியர் 'கடக்'கென்று முரண்டும். நிற்கும்போது வண்டி முன்னால் இழுக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மெக்கானிக்குக்கு எதற்குக் காசு என்று நானே ஸ்பேனரை எடுத்தேன். இன்ஜினுக்கு அடியில் ஒயர் வந்து சேரும் இடத்தில் அட்ஜஸ்டர் இருக்கும். ஆட்டமே இல்லாதபடி அதை முறுக்கினேன். பிடி விண்ணென்று நின்றது. எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள்தான் வேலை. எஸ்டேட்டுகளுக்கு வாரக் கூலிப் பணம் எடுக்கும் நாளும் அதுதான். கிளையின் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள்: ஒன்று மேனேஜரிடம், ஒன்று என் பையில். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

பாதி மலை தாண்டியதும் வண்டி திணறியது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் அலறுகிறது, சக்கரம் மட்டும் கேட்பதாயில்லை. கருகிய வாடை வேறு. ஒரு வளைவில் அப்படியே நின்றுவிட்டேன். மேலே போன ஒரே பஸ்ஸும் கூட்டத்தில் நிற்காமல் போனது.

வெகு நேரம் கழித்து, மேலிருந்து ஓர் எஸ்டேட் ஜீப் வந்தது. டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். இறங்கி வந்து கிளட்ச் பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"யாருங்க இதை இப்படி இறுக்குனது?"

"நான்தாங்க."

சிரித்துவிட்டார். "பிடியில கொஞ்சம் சும்மா ஆட்டம் இருக்கணுங்க. ஒயரு எந்நேரமும் இழுத்துக்கிட்டே இருந்தா, நீங்க கையை எடுத்தாலும் கிளட்ச் பாதி பிடிச்ச மாதிரிதான். பிளேட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வழுக்கி வழுக்கிக் கருகிடும்."

வண்டியை ஆறவிட்டு, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, லாக் நட்டைப் பிடித்து இறுக்கினார். பிடியின் அடியில் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு ஆட்டம் வைத்தார். அவ்வளவுதான் வேலை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "எறங்கும்போது கிளட்சைப் பிடிச்சுக்கிட்டு உருட்டாதீங்க. ஏறுன கியர்லயே எறங்குங்க, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். நடுநடுவுல லேசா ஆக்சிலேட்டரு குடுங்க. இது பெட்ரோலோட ஆயில் கலந்த வண்டி. சுத்தமா மூடிட்டா இன்ஜினுக்கு ஆயில் போகாது."

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

கிளைக்குப் போனபோது மணி பதினொன்றரை. மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டிச் சாவியைக் காட்டினார், அவ்வளவுதான். கவுண்டருக்கு வெளியே ஓர் எஸ்டேட் ரைட்டர் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருந்தார். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னார்: "கூலி கைக்கு வந்தப்புறம்தான் சார் அவங்க அரிசி வாங்கணும்."

மெக்கானிக் கூலியில் நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தது சில ரூபாய்கள். அதற்காக முகம் தெரியாத எத்தனையோ பேரைக் காக்க வைத்திருந்தேன். அதற்குப் பிறகு சாவி கையில் இருக்கும் நாளில் முதல் பஸ்ஸில்தான் போவேன்.

அடுத்த வாரம் சேலத்தில் கிளட்சைப் பிரித்துப் பார்த்தபோது கார்க் பிளேட்டுகள் கருத்துப் போயிருந்தன. புதிதாக வாங்கி, ஆயிலில் நன்றாக ஊற வைத்துத்தான் மாட்டினார்கள். ஸ்பேனரைத் தொட்டதால் மிச்சமாவதற்குப் பதில் இரட்டைச் செலவு.

சேத்தக்கை விற்றுப் பல வருடம் ஆகிறது. இன்றும் யாராவது வண்டியை நிறுத்திவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், என் விரல் தானாகப் போய் அந்தக் கிளட்ச் பிடியை ஆட்டிப் பார்க்கும். "என்ன சார் பார்க்கறீங்க?" என்பார்கள்.

"ஒண்ணுமில்லை தம்பி, ஆட்டம் இருக்கான்னு பார்த்தேன்" என்பேன்.