நாலு காலும் ஊன்ற இடம்

சிமெண்ட் மூட்டையை லாரியில் அடுக்கினால் அடுக்கிய இடத்தில் கிடக்கும். மாடு அப்படி இல்லை. ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றுகொண்டே வருகிறது. நாம் பிரேக்கில் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் முந்நூறு, நானூறு கிலோ உடம்பை அது தானே தாங்கிப் பிடிக்க வேண்டும். தொழில் பழக வரும் பையன்கள் எந்த வண்டி நல்லது, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கிறார்கள். பின்னால் நிற்கிற மாட்டின் காலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் மதுரை தல்லாகுளத்துக்காரர். மாட்டுத் தரகும் தெரியும், லாரியும் ஓட்டுவார். சேர்ந்த புதிதில் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. ஒரு நாள் காலி வண்டியில் பின்னால் ஏறச் சொன்னார். "சட்டத்தைப் பிடிக்காத. கையைக் கட்டிக்கிட்டு நில்லு. மாட்டுக்கு என்ன கையா இருக்கு?" என்றவர், அழகர்கோவில் ரோட்டில் வண்டியை விரட்டினார். திரும்பி வந்ததும் ஒரே கேள்வி: "எங்கடா ரொம்பப் பயந்த?"

"வளைவுலண்ணே. திரும்பிக்கிட்டே பிரேக் போட்டீங்கள்ல, அப்ப."

"அம்புட்டுதான் பாடம். கீழ இறங்கு."

நேர் ரோட்டில் பிரேக் போட்டால் மாடு முன்னங்காலை ஊன்றிச் சமாளித்துவிடும். வளைவில் உடம்பு பக்கவாட்டில் சாயும்போது பிரேக்கும் விழுந்தால் ஊன்ற எந்தக் காலும் மிஞ்சாது. அதனால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஒரே சீராகத் திருப்பி, வண்டி நேரானபின்தான் ஆக்சிலரேட்டர். வேகத்தடையில் முன்சக்கரம் இறங்கியதும் அவசரப்படக் கூடாது. மாடு நிற்பது பின்சக்கரத்துக்கு மேலே.

அடுத்தது தரை. இரும்புத் தகட்டுத் தரையில் சாணியும் மூத்திரமும் சேர்ந்தால் குளம்பு நிற்காது. முதலில் மணல் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, அதன்மேல் தென்னைநார்ப் பாயோ பழைய சாக்கோ விரித்து, மேலே வைக்கோல். 1978-ம் ஆண்டு மத்திய அரசின் கால்நடைப் போக்குவரத்து விதிகளிலும் இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்: வழுக்காத தரை, சரக்கு வண்டிக்கு ஆறு மாட்டுக்கு மேல் கூடாது, கூட ஓர் ஆள், வேறு சரக்கு ஆகாது, முகம் எஞ்சின் பக்கம். எழுதியவர்களும் ஒரு தடவை பின்னால் நின்று பார்த்திருப்பார்கள்போல. 2015-ல் வந்த மோட்டார் வாகன விதி மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் இடம் கேட்கிறது. நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும் என்று சந்தையில் சொல்வார்கள்; நம்பாதீர்கள். நெரிசலில் விழுந்த மாடு எழுந்திருக்கவே முடியாது. பக்கத்து மாடு மிதிக்கும், ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்பும். மாடு குறைவாக இருந்தால் குறுக்கே மூங்கில் கட்டி இடத்தைச் சுருக்குங்கள். மூங்கிலுக்குச் சாக்குச் சுற்ற மறக்கக் கூடாது.

சித்திரையில் காங்கேயம் பக்கத்துக் கண்ணபுரம் சந்தைக்குப் போனால் ஏற்றும் வித்தையைக் காசில்லாமல் பார்க்கலாம். காங்கேயம் காளைகளும் பசுக்களும் குவிகிற மாரியம்மன் கோவில் சந்தை அது. அவசரக்காரன் வாலை முறுக்குவான், நாலு பேரை விட்டுத் தள்ளுவான். மாடு பலகையில் கால் வைத்ததும் பலகை ஆடும். அதற்கப்புறம் அந்த மாட்டை அன்றைக்கு ஏற்றுவது கஷ்டம். தொழில் சொல்லித்தந்த எங்கள் அண்ணன் முதலில் மேடு தேடுவார். வாய்க்கால் கரையோ ரோட்டோரத் திட்டோ, லாரித் தளத்துக்குச் சமமாக ஓரிடம் கிடைத்தால் பின்கதவை அதில் ஒட்டி நிறுத்துவார். வண்டிக்குள் இருட்டாக இருந்தால் தார்ப்பாயை விலக்கி வெளிச்சம் விடுவார். சாதுவான கிழமாட்டை முன்னால் நடத்துவார். மாடு வாசலில் நின்று தரையை முகரும். முகரட்டும். கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். பீடி தீரும்முன் மாடு உள்ளே நிற்கும்.

கட்டுவது கழுத்துக்கயிற்றில். மூக்கணாங்கயிற்றை ஒருபோதும் சட்டத்தில் கட்டாதீர்கள்; மாடு சறுக்கினால் மூக்கு அறுந்துவிடும். அதைக் கொம்பில் சுற்றிவிட்டால் போதும். கழுத்துக்கயிறு, தலையைத் தாழ்த்தி மூச்சுவிடும் அளவுக்கு நீளம், முன்னங்கால் அதைத் தாண்டாத அளவுக்குக் குட்டை. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். கிளீனர் இடுப்பில் அரிவாள் இருக்கட்டும், முடிச்சு இறுகும் நாளும் வரும்.

காங்கேயத்திலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல். சித்திரை வெயிலில் பகலில் எடுப்பதில்லை. பொழுது சாய்ந்து ஏற்றி, விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். கறவையாக இருந்தால் கறந்துவிட்டு ஏற்றுங்கள். நிறைசினையை நான் ஏற்றுவதே இல்லை, எவ்வளவு வாடகை தந்தாலும். கிளம்பும்முன் பசும்புல்லை அள்ளிப்போட்டால் வழியெல்லாம் கழியும், தரை வழுக்கும்; வைக்கோல் போதும். புதுத் தண்ணீரைச் சில மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அதனால் வளர்த்தவர் வீட்டுத் தண்ணீரையே ஒரு டிரம்மில் பிடித்துக்கொள்வோம். டீக்கு நிறுத்தும்போது டீ அப்புறம். முதலில் டார்ச்சை எடுத்துப் பின்னால் போய்க் காலைப் பாருங்கள். ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்குகிறதென்றால் குளம்பில் ஏதோ இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் கூட்டம் நிற்கிற நாளில் மாட்டோடு ஊருக்குள் வராதீர்கள். வேட்டுச் சத்தம் ஒன்று போதும், சட்டம் தெறித்துவிடும்.

ஜல்லிக்கட்டுக் காளை தனிக் கதை. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். புதுக்கோட்டை, சிவகங்கை, திருச்சிப் பக்கமிருந்தெல்லாம் பிக்கப்பிலும் குட்டியானை வண்டியிலும் காளைகள் வரும். வண்டிக்கு ஒரு காளைதான். அறிமுகமில்லாத இரண்டை ஒன்றாக ஏற்றினால் கொம்பு பேசும். வளர்த்த ஆள் கண்ணில் பட, குரல் கேட்க வர வேண்டும். பல வீடுகளில் அது அந்த வீட்டுப் பெண்தான். "தங்கம், நில்லுடா" என்ற ஒரு சொல்லுக்கு, நாலு பேர் இழுத்தும் அசையாத காளை தலையைத் தாழ்த்தியதைப் பார்த்திருக்கிறேன். வாடிவாசல் தாண்டி ஓடிப் பிடிபட்ட காளையை உடனே ஏற்றக் கூடாது. விலா துடிப்பு அடங்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டுங்கள், காயம் இருந்தால் கால்நடை டாக்டர் பார்க்கட்டும். ஊருக்குத் திரும்புகிற அவசரம் மனுஷனுக்குத்தான்.

இறக்கியதும் தீவனத்தை வைக்காதீர்கள். நடத்தி, மூத்திரம் பெய்ய விட்டு, தண்ணீர், வைக்கோல். தவிடும் பருத்திக்கொட்டையும் மறுநாள். புது மாட்டைச் சில நாள் தனியாகக் கட்டுங்கள், கோமாரி எந்தச் சந்தையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. காலி வண்டியை அன்றைக்கே கழுவ வேண்டும்: வைக்கோலைக் கூட்டி எரித்துவிட்டு, சலவைச் சோடாக் கரைசலால் தளத்தையும் சட்டத்தையும் தேய்த்து, காயவிட்டு, கையால் தடவி, எங்காவது ஆணி நீட்டிக்கொண்டிருந்தால் அடித்து மடக்கிவிட்டுத்தான் அடுத்த வாடகைக்கு ஒத்துக்கொள்வது.