எந்தப் பாஷைக்கு என் ஓட்டு?

உங்கள் குழந்தைக்கு நாலு வயசாகிறது. "பள்ளிக்கூடத்தை யார் நடத்தலாம், எந்தப் பாஷையில் பாடம் சொல்லலாம், நீங்களே சொல்லுங்கள்" என்று சர்க்கார் கேட்டால் என்ன செய்வீர்கள்? என்னைக் கேட்டார்கள், அம்மா! ஒரு வாரம் எனக்குத் தூக்கமில்லை.

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், டப்ளின் நகரத்தின் மேற்கு ஓரத்தில். இங்கே ஆரம்பப் பள்ளி உபாத்தியாயருக்குச் சம்பளம் கொடுப்பது சர்க்கார். ஆனால் பள்ளிக்குப் பொறுப்பு 'பேட்ரன்'. நம் ஊர்க் கோயிலுக்குத் தர்மகர்த்தா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பத்தில் ஏறக்குறைய ஒன்பது பள்ளிகள் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவை. ஜனம் பெருகும் பேட்டைகளில் புதுப் பள்ளி திறப்பதானால், 2011-லிருந்து பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டுத்தான் பேட்ரனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லா மதத்துக்கும் பொதுவான 'எஜுகேட் டுகெதர்', ஐரிஷ் மொழிப் பள்ளிகளுக்கென்றே 1993-ல் ஏற்பட்ட 'அன் போரஸ் பாட்ரூநக்தா' போன்ற ஸ்தாபனங்கள் போட்டிக்கு நிற்கும். 2018-ல் இதையெல்லாம் இன்டர்நெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். யார் பேட்ரன் என்பது ஒரு கேள்வி. பாடம் இங்கிலீஷிலா, ஐரிஷிலா என்பது இன்னொன்று.

"இதில் என்ன யோசனை? இங்கிலீஷ்தான்" என்றார் என் வீட்டுக்காரர். "கடைத்தெருவில் ஒருத்தராவது ஐரிஷ் பேசி நீ கேட்டிருக்கிறாயா?"

கேட்டதில்லைதான். பின்னால் 2022-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கும் அவர் கட்சிதான். பதினெட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஐரிஷ் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்களோ 71,968 பேர்!

அடுத்த வீட்டுப் பாட்டியிடம் யோசனை கேட்கப் போனேன். டீயை ஊற்றிக்கொண்டே தன் கொள்ளுத்தாத்தாவின் கதையைச் சொன்னாள். அவர் பள்ளிக்குப் போன காலத்தில் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். வாயில் ஒரு ஐரிஷ் வார்த்தை வந்தால் குச்சியில் ஒரு வெட்டு. பொழுது போனதும் வெட்டுக்களை எண்ணி அத்தனை அடி.

"யாரோ துரை கட்டிவிட்டான் என்று நினைக்காதே. பெற்றவர்களே சம்மதித்துத்தான் கட்டினார்கள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போகிற பிள்ளைக்கு இங்கிலீஷ் வேண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கும்பகோணத்திலிருந்து என் அம்மா டெலிபோனில், "சாப்பிட்டாயா கண்ணு?" என்று கேட்டாள். என் பெண் "யெஸ்" என்றாள். நான் திருத்தவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த 'யெஸ்' அசல் டப்ளின் குழந்தையின் 'யெஸ்' மாதிரியே இருந்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை! குச்சி ஒன்றுதான் குறை.

அன்றிரவே ஐரிஷ் என்று பதிந்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பேப்பரை மட்டும் கொஞ்சம் உரக்க மடித்தார்.

ஜெயித்தது இங்கிலீஷ்தான். ஐரிஷ் வேண்டுமென்பவர்கள் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். பெரும்பாலான பேட்டைகளில் பெரும்பான்மையாக இல்லை. தலைகளை எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் தோற்க வேண்டியதுதானே என்பது அவர்களுடைய மனத்தாங்கல். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. நாலு பேட்டைக்கு நடுவில் ஒரு ஐரிஷ் பள்ளி வைத்தால் என்ன? பக்கத்துப் பேட்டையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அங்கே இடம் கேட்டோம். எங்களுக்கு முன்னால் நீண்ட வரிசை. வீட்டில் ஐரிஷ் பேசி வளரும் குழந்தைக்கு அத்தகைய பள்ளிகள் முதலிடம் தரலாம் என்று 2018-ல் சட்டமே வந்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஐரிஷுக்கு எங்கே போவது?

இங்கிலீஷ் பள்ளியிலும் ஐரிஷ் ஒரு பாடம். முதல் மாதமே ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டி அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒன்றுக்குப் போகட்டுமா, டீச்சர்?" என்பதுதான் அது. இந்த நாட்டில் படித்தவர் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டார்களாம்!

ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் கும்பகோணத்துக்கும் அதையே ஒப்பித்தாள். "குழந்தை என்னடி சொல்கிறாள்?" என்றாள் அம்மா.

"பாட்டிக்குத் தமிழில் சொல்லு" என்றேன்.

விழித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தேன். மறுமுனையில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள்.