கேளாமல் போன வழி

'ஸஃபர்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்று பொருள். அச்சொல்லின் வேர், மறைந்திருப்பதைத் திறந்து காட்டுவதைக் குறிக்கும். மனிதரின் குணங்களைத் திரை நீக்கிக் காட்டுவதனாலேயே பயணம் அப்பெயர் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் விளக்கம் தருகிறார்கள். முப்பதாண்டுகளாக இதனை மாணவர்களுக்கு ஓதிக்கொடுத்து வந்திருக்கிறேன். என்னுடைய திரை நீங்கியது சென்ற ஆண்டில்தான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன், என் பழைய மாணவர் ஒருவர் தாராபுரத்தில் என்னைக் காண வந்திருந்தார். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவர். வியாபார நிமித்தம் இத்தாலி சென்றவர், வாடகைக் கார் ஒன்றைத் தாமே ஓட்டிக்கொண்டு பிளாரன்ஸ் நகரின் பழைய பகுதிக்குள் நுழைந்துவிட்டாராம். தெருமுனையில் சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகை நின்றிருக்கிறது. குறித்த நேரங்களில் அனுமதி பெற்ற வண்டிகளன்றி வேறெதுவும் உள்ளே வரலாகாது என்பது அதன் பொருள். தடுப்பார் எவருமில்லை. கேமரா மட்டும் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டது. விடுதியைத் தேடி அவர் மூன்று முறை சுற்றிச் சுற்றி நுழைந்தார். ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழிந்தபின், நுழைவுக்கு ஒன்றாக மூன்று அபராதச் சீட்டுகள் வந்து சேர்ந்தன.

நான் சிரித்தேன். சிரித்ததோடு நில்லாமல் உபதேசமும் செய்தேன். "தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்க வேண்டும் என்று உமக்கு ஓதிக்கொடுத்தது மறந்துவிட்டதா?" என்றேன். "உண்மைதான் ஹஜ்ரத், கேட்கத்தான் தவறிவிட்டேன்" என்று அவர் பணிவோடு ஒப்புக்கொண்டார்.

அடுத்து என் முறை வந்தது. மதுரையில் எனக்குக் கிதாபு ஓதிக்கொடுத்த உஸ்தாது அவர்கள் ஓரிரவில் வஃபாத்தாகிவிட்டார்கள். காஜிமார் பெரிய பள்ளிவாசலில் லுஹருக்குப் பின் ஜனாஸாத் தொழுகை என்று செய்தி வந்தது. உஸ்தாது அவர்களின் மகனார் தொலைபேசியில், "பெரியார் பேருந்து நிலையத்தின் பக்கம் காரை நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடுங்கள் ஹஜ்ரத். உள்ளே கொண்டுவந்தால் சிரமம்" என்று தெளிவாகச் சொன்னார்.

என் மகன் காரை ஓட்டினான். ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் கடந்து, பரவை, விளாங்குடி வழியாக மதுரைக்குள் நுழைந்தபோது லுஹருக்கு ஒரு மணி நேரம் இருந்தது. "அத்தா, இங்கேயே நிறுத்திவிட்டு நடந்துவிடுவோமா?" என்று மகன் கேட்டான். எனக்கு முழங்கால் வலி. அதனினும் பெரிய நோய் ஒன்றும் இருந்தது. "நான் இரண்டாண்டு ஓதிய ஊரப்பா இது. பள்ளிவாசல் வாசலிலேயே இறங்கலாம், போ" என்றேன்.

மதுரையின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். நடுவே மீனாட்சியம்மன் கோயில். அதைச் சூழ்ந்து சித்திரை வீதிகள். அவற்றைச் சூழ்ந்து ஆவணி மூல வீதிகள். அடுத்து மாசி வீதிகள். எல்லாவற்றுக்கும் புறத்தே வெளி வீதிகள். ஒவ்வொன்றும் கீழ, மேல, வடக்கு, தெற்கு என நான்காகப் பிரியும். மாதப் பெயர்கள் விழாக்களால் வந்தவை. ஆயினும் சித்திரைத் திருவிழாவின் தேர் ஓடுவதோ மாசி வீதிகளில்! நடந்து திரிந்த இளமையில் இவ்வமைப்பு எனக்கு மனப்பாடம். ஆனால் காலுக்குத் தெரிந்த ஊர் வேறு, சக்கரத்துக்குத் தெரிய வேண்டிய ஊர் வேறு என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒருவழிப்பாதை ஒன்று எங்களைத் திருப்பிவிட்டது. மாசி வீதி என்று நான் சொன்னது ஆவணி மூல வீதியாயிற்று. அதிலிருந்து மீள முயன்றபோது சித்திரை வீதியின் தடுப்பு எதிர்ப்பட்டது. அந்நான்கு வீதிகளிலும் வண்டிகளுக்கு இடமில்லை. மகன் கைபேசி வரைபடத்தை நாடினான். அது காட்டிய சந்தில் நுழைந்தோம். எதிரே துணி மூட்டைகள் ஏற்றிய மூன்று சக்கர வண்டி, பின்னே ஆட்டோக்கள். காரின் பக்கக் கண்ணாடி சுவரில் உரசி நொறுங்கியது. தொலைவில் லுஹருடைய பாங்கு கேட்டது.

நெற்றியில் திருநீறு துலங்கிய முதியவர் ஒருவர், சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். "எங்க பாய் போகணும்?"

"காஜிமார் தெரு. ஒரு மவுத்து."

"அதுக்கு ஏன் பாய் இங்கிட்டு வந்தீங்க? மொதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்போம்ல!"

மகனைக் காரோடு விட்டுவிட்டு என்னை இறங்கச் சொன்னார். தம் வேலையை நிறுத்திவிட்டுச் சந்து சந்தாக எனக்கு முன்னே நடந்தார். பள்ளிவாசல் தெரிந்ததும் கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அன்று நான் கேளாமல் விட்டவற்றுள் அதுவும் ஒன்று.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஜனாஸாவை எடுத்துச் சென்றிருந்தார்கள். கபுருஸ்தானை நான் அடைந்தபோது மண் மூடியாகிவிட்டது. வலீ முன்னின்று ஒருமுறை தொழுகை நிறைவேறிய ஜனாஸாவுக்கு மறுமுறை தொழுகை இல்லை என்பது நம் ஹனஃபி மத்ஹபின் சட்டம். எத்தனையோ மாணவர்களுக்கு நான் ஓதிக்கொடுத்த சட்டம். அந்த உஸ்தாது அவர்களே எனக்கு ஓதிக்கொடுத்த சட்டம். அன்று அது என்னை நோக்கியே எழுதப்பட்டதுபோல் இருந்தது. கபுரின் அருகே நின்று துஆச் செய்தேன். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் மிஞ்சவில்லை.

மதுரைச் சுல்தான்களின் காலத்தில், 1340களில், இவ்வூருக்கு வந்த இப்னு பதூதா இதனை அகன்ற வீதிகளையுடைய பெரிய நகரம் என்று எழுதினார். குதிரையில் வந்தவருக்கு வீதிகள் அகன்றிருந்தன. நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலை 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார்; வெளி வீதிகள் அவ்விடத்தில் எழுந்தன. பிளாரன்சும் 1865 முதல் 1871 வரை இத்தாலியின் தலைநகராய் இருந்த காலத்தில் தன் மதிலின் பெரும்பகுதியை இடித்து, அவ்விடத்தில் அகன்ற சாலைகளை அமைத்தது. இரண்டு ஊர்களிலும் மதில் போயிற்று; உள்ளே இருந்த தெருக்கள் நடப்பவருக்கு உரியனவாகவே நின்றன. வாசலில் இறங்கி, வழி கேட்டு, நடந்து வருவோரைத்தான் பழைய நகரங்கள் விருந்தினராய் ஏற்கின்றன.

ஊர் திரும்பியதும் என் மாணவருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நெடுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "என் அபராதத்தைக் கட்டித் தீர்த்துவிட்டேன் ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். என்னுடையதைக் கட்டும் இடம் எது என்று அவரும் அறிந்திருந்தார்.

இப்போது நாங்கள் எந்தப் பழைய ஊருக்குச் சென்றாலும் முதல் தேநீர்க் கடையிலேயே மகன் காரை நிறுத்திவிடுகிறான். நான் இறங்கிச் சென்று வழி கேட்கிறேன். வழி சொல்பவரின் பெயரையும் கேட்டுக்கொள்கிறேன்.