துடுப்பும் கயிறும் சங்கப் பணியும்

வாரம் முழுவதும் பேரேடுகளோடும் கோப்புகளோடும் உழலும் ரயில்வே குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே சொந்தமான நாள். அந்த ஒரு நாளையும் மூவர் பங்கு கேட்டால் அவன் என் செய்வான்? கொல்கத்தாவில் வாழும் எங்கள் நால்வரின் நிலை சில ஆண்டுகளாக இதுவே. ரவீந்திர சரோவர் ஏரியில் படகு வலிப்பது எங்கள் பொழுதுபோக்கு. நீரில் ஆபத்துற்றோரை மீட்கப் பயில்வது எங்கள் தொண்டு. சங்க விழாக்களுக்கு ஏற்பாடு செய்வது எங்கள் கடமை. மூன்றும் நல்லவையே. ஆயினும் மூன்றும் ஞாயிற்றுக்கிழமைக் காலையையே நாடுகின்றன. இவற்றை எங்ஙனம் இணக்கினோம் என்பதை அறிவது அன்பர்களுக்குப் பயன்படலாம் என்று எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கும் நம் குடும்பங்களுக்கு இந்த ஏரி புதிதன்று. 1920களில் நகர அபிவிருத்தி டிரஸ்டார் வெட்டுவித்த இவ்வேரிக்கு 1958இல் மகாகவி தாகூரின் பெயர் சூட்டப்பெற்றது. கரையில் படகுச் சங்கங்கள் பல உள்ளன. அவற்றுள் கல்கத்தா ரோயிங் கிளப் 1858இல் தோன்றியது. படகு வலிப்பவன், படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டியே அமர்கிறான். முன்னே இருப்பதைக் காண்பவர் சுக்கான் பிடிப்பவர் ஒருவரே. அவர் சொல்லை நம்பி நால்வரும் ஒரே கணத்தில் துடுப்பை நீரில் இட்டு இழுத்தல் வேண்டும். ஒருவன் தன் வலிமையைத் தனியே காட்ட முனைந்தால் படகு கோணும். அலுவலகத்தில் ஆண்டுக்கணக்கில் கல்லாத ஒற்றுமையை அந்தக் குறுகிய படகில் சில மாதங்களிலேயே கற்றோம்.

இன்பமாகச் சென்ற அந்நாட்களில் இடி விழுந்தாற்போல ஒரு துயரம் நேர்ந்தது. 2022 மே 21 அன்று, போட்டிக்காகப் பயின்றுகொண்டிருந்த பள்ளி மாணவர்களின் படகு, திடீரென வீசிய காலபைசாகிப் புயலில் கவிழ்ந்தது. மாணவர் இருவர் உயிர் துறந்தனர். நகரமே கலங்கியது. ஏரியில் படகு வலிப்பதும் சில காலம் நிறுத்தப்பட்டிருந்தது. எங்கள் இல்லங்களில், "இனி அந்தத் தண்ணீர்ப் பக்கமே போக வேண்டாம்" என்று கண்ணீரோடு சொன்னார்கள். அச்சொல்லைத் தள்ளவும் இயலவில்லை. ஏற்கவும் மனம் ஒப்பவில்லை. பல நாள் பேசியபின் ஒரு முடிவுக்கு வந்தோம். நீரை விட்டு விலகுவதாயின் முற்றும் விலகுவது; இல்லையேல் நீரில் பிறரைக் காக்கும் அறிவைப் பெற்ற பின்னரே மீண்டும் துடுப்பைத் தொடுவது. வீட்டார் இரண்டாவதற்கு இசைந்தனர்.

பயில்வதற்கு வழி இல்லாமல் இல்லை. ஏரிக்கரையிலேயே இந்திய உயிர்காப்புச் சங்கம் இருக்கிறது. ரயில்வே ஊழியர்களுக்கு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்புகள் நடப்பதை நம்மவர் பலர் அறிவர். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சிவில் டிபென்ஸ் படையிலும் தொண்டர்கள் சேரலாம்.

பயிற்சியில் முதலில் கற்றது, நீரில் குதிக்கலாகாது என்பதே. முதலில் கரையிலிருந்து கழியை நீட்டு. எட்டாவிடில் கயிறோ மிதவையோ எறி. அதுவும் இயலாவிடில் படகில் செல். நீந்திச் செல்வது தேர்ந்தவர்க்கு மட்டுமே உரிய கடைசி வழி. மூழ்குபவர் தம்மை அணுகுவோரையும் பற்றி அமிழ்த்திவிடுவர். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கோட்டரை அணைக்கட்டில், மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர் நால்வருள் இருவரை மூன்று பெண்கள் தம் சேலைகளை வீசியே மீட்டதும், தமிழக அரசின் கல்பனா சாவ்லா விருது பெற்றதும் அன்பர்களுக்கு நினைவிருக்கலாம்.

மூழ்குபவர் கூக்குரலிடுவார் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பலர் ஓசையின்றியே மூழ்குகின்றனர். மீட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறு. மூச்சு நின்றிருப்பின் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டி, பின்னர் மார்பின் நடுவில் 30 முறை அழுத்தி, 2 முறை மூச்சு ஊட்ட வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்துவது சில நிமிடங்களிலேயே கைகளைத் தளர்த்திவிடும். ஆகவே இருவர் மாறி மாறிச் செய்தல் நலம்.

இனி, நேரப் பங்கீடு. ஒற்றைப் பாதையில் இரு வண்டிகளுக்கு ஒரே நேரத்தில் வழி கொடுத்தல் ஆகாது என்பது ரயில்வேக்காரன் அறிந்த விதி. அதையே கைக்கொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் துடுப்புக்கு, இரண்டாவது பயிற்சிக்கு, நான்காவது சங்கத்துக்கு. ஐந்தாம் ஞாயிறு வந்தால் அது இல்லத்தார்க்கே உரியது. சித்திரை, வைகாசியில் காலபைசாகி பெரும்பாலும் பிற்பகலிலேயே எழுவதால் அம்மாதங்களில் விடியற்காலை அன்றிப் படகைத் தொடுவதில்லை. விழா நெருங்கும் மாதத்தில் துடுப்பின் பங்கே குறையும்; பயிற்சியின் பங்கு ஒருபோதும் குறையாது.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை சென்ற ஆண்டு ஆடிப்பெருக்கில் வந்தது. காவிரியை நினைந்து ஹூக்ளிக் கரையில் கூடிச் சித்திரான்னம் உண்பதென்று செயற்குழு தீர்மானித்தது. குழந்தைகளை நாட்டுப் படகில் ஏற்றி ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம் என்று பெரியவர் ஒருவர் ஆசையோடு சொன்னார். நாங்கள் மறுத்தோம். "படகு வலிக்கும் நீங்களே வேண்டாம் என்றால் எப்படி, தம்பி?" என்று அவர் வருந்தினார். "படகை அறிந்ததனால்தான் சொல்கிறோம், ஐயா" என்றோம். மழைக்காலத்து ஹூக்ளி பெருக்கெடுத்து ஓடுவது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வங்கத்தார் 'பான்' என்று அழைக்கும் ஓத அலை கடலிலிருந்து சுவர்போல் ஏறி வருவதும் உண்டு. ஆடிப் பதினெட்டோ சூரியக் கணக்கு. ஓதமோ சந்திரக் கணக்கு. ஆகவே ஒவ்வோராண்டும் ஓத நேரத்தைப் புதிதாகப் பார்த்தே நேரம் குறிக்க வேண்டும். மேலும், அத்தனை குழந்தைகளுக்கும் மிதவைச் சட்டை கிடைக்க வழியில்லை.

படகு கைவிடப்பட்டது. சிலருக்கு மனத்தாங்கல் இருந்தது, அதை மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் காவல் நிற்க முன்வந்தவருள் முதல்வர் அப்பெரியவரே. காவலர் அரை மணிக்கு ஒருமுறை மாறினர். காவலின்போது பேச்சும் இல்லை, கைபேசியும் இல்லை. படித்துறையின் இரு புறமும் நீண்ட கயிற்றில் கட்டிய காலி பிளாஸ்டிக் கேன்களை ஆயத்தமாக வைத்தோம். மாமிகள் மஞ்சளும் பூவும் கங்கையில் விட்டனர். குழந்தைகள் தயிர்சாதம் உண்டு விளையாடினர். அந்தி சாயுமுன் யாவரும் வீடு திரும்பினர். குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் நிகழவில்லை. ஒன்றும் நிகழாமையே இத்தொண்டுக்குரிய கூலி என்று கொள்கிறோம்.

பொழுதுபோக்கு வேறு, தொண்டு வேறு, சங்கப் பணி வேறு என்று முன்பு எண்ணியிருந்தோம். ஏரியில் பெற்ற அறிவே படித்துறையில் காவலாயிற்று. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு ஆபத்து வேளையில் உடன் ஓடிவருபவர் அடுத்த வீட்டுத் தமிழரும் வங்காளியருமே. ஆதலின் வீட்டுக்கு ஒருவரேனும் நீச்சலும் முதலுதவியும் கற்றல் வேண்டும். நாங்கள் கற்றவற்றைச் சங்கக் கூடத்தில் நான்காம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்கச் சித்தமாக இருக்கிறோம். தாய்மார்களும் இளைஞர்களும் தவறாது வருக.