ஊழிக்கு நாள் குறிப்பவர்கள்

உலகம் அழியப்போகிறது என்று யாரேனும் சொன்னால் நமக்கு முதலில் தோன்றுவது அச்சமன்று, ஆர்வம். 'எந்தத் தேதி?' என்று கேட்கிறோம். தேதி தெரிந்ததும் 'என்ன கிழமை?' என்கிறோம். கல்யாணப் பத்திரிகையைப் பிரித்தவர் முகூர்த்த நேரத்தைத் தேடுவது போலத்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. 'ஊழி' என்னும் சொல் நெடுங்காலத்தையும் குறிக்கும். அக்காலத்தின் முடிவையும் குறிக்கும். ஒரே சொல்லால் வாழ்த்தவும் அச்சுறுத்தவும் தெரிந்த சிக்கனக்காரர்கள் நாம். நம்முடைய பிரளயக் கதைகளில் தப்பிப் பிழைத்த ஊருக்கு முகவரியும் உண்டு. வெள்ளத்தில் தோணி வந்து தங்கியதால் சீகாழிக்குத் தோணிபுரம் என்று பெயர். வெள்ளத்துக்குப் புறம்பாக நின்றது திருப்புறம்பயம். அமுதக் குடம் மிதந்து வந்து ஒதுங்கியது குடந்தையில். ஆண்டுதோறும் ஆற்றில் வெள்ளம் கண்ட காவிரிக்கரைக்காரர்கள், அது வடியும் என்பதையும் சேர்த்தே கதை கட்டியிருக்கிறார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த நிதானம் நம்மைவிட்டுப் போயிற்று. 1962 பிப்ரவரி முதல் வாரத்தில் எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் கூடின. போதாக்குறைக்கு 5-ஆம் தேதி சூரிய கிரகணம் வேறு. நாடெங்கும் யாகங்கள் வளர்க்கப்பட்டன. நெய் மூட்டை மூட்டையாக என்று சொல்ல முடியாது, குடம் குடமாகச் செலவாயிற்று. அதே மாதம் 19-ஆம் தேதி மூன்றாவது பொதுத்தேர்தலின் வாக்குப்பதிவு தொடங்கியது. வேட்பாளர்கள் எட்டுக் கிரகங்களைவிட ஓட்டுப்பெட்டியையே அதிகம் நம்பியிருக்க வேண்டும்.

1979-இல் கிரகங்களின் வேலையை ஸ்கைலேப் ஏற்றுக்கொண்டது. அந்த அமெரிக்க விண்வெளி நிலையம் நம் தலையில்தான் விழும் என்று கிராமம் கிராமமாக நடுங்கினார்கள். ஜூலை 11-ஆம் தேதி அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலுமாகச் சிதறியது. அங்கே எஸ்பெரன்ஸ் என்னும் ஊரின் நிர்வாகம், குப்பை போட்ட குற்றத்துக்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வானத்திலிருந்து விழுந்த ஊழியை இவ்வளவு அழகாக எதிர்கொண்டவர்கள் வேறு யாருமில்லை.

2012 டிசம்பர் 21 நெருங்கியபோது, நம் வகுப்பு மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அரியர் பணம் கட்டலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். மாயர்களின் நாள்காட்டியில் சுமார் 5,125 ஆண்டுப் பெருஞ்சுற்று ஒன்று அன்று நிறைவுற்றது, அவ்வளவுதான். சிவகாசித் தினசரிக் காலண்டரின் கடைசித் தாளைக் கிழிக்கும்போது நாம் கதறி அழுவதில்லை. மளிகைக் கடையில் புதுக் காலண்டர் கேட்கிறோம். நம்முடைய கணக்குப்படி கலியுகத்துக்கு ஆயுள் 4,32,000 ஆண்டுகள். அதில் ஐயாயிரத்துச் சொச்சம்தான் கழிந்திருக்கிறது. "கட்டிவிடு தம்பி" என்றோம்.

கணிப்பு பொய்த்தால் நம்பிக்கை தளரும் என்று நினைப்பது இயல்பு. 1954-இல் அமெரிக்காவில் ஒரு சிறு குழு, டிசம்பர் 21 அன்று பெருவெள்ளம் வரும், தங்களைப் பறக்கும் தட்டு வந்து ஏற்றிச்செல்லும் என்று காத்திருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் தோழர்களும் அக்குழுவை உள்ளிருந்தே கவனித்தனர். வெள்ளமும் வரவில்லை, தட்டும் வரவில்லை. தங்கள் நம்பிக்கையின் வலிமையால்தான் உலகம் காப்பாற்றப்பட்டது என்று முடிவுகட்டிய குழுவினர், அதுவரை ஒதுக்கிவைத்திருந்த பத்திரிகைக்காரர்களைத் தாமே அழைத்துப் பேசத் தொடங்கினர்.

இந்த மோகத்தின் வேர் எங்கே இருக்கிறது? நம் அச்சம் சாவைப் பற்றியதன்று, தனியாகச் சாவதைப் பற்றியது என்று தோன்றுகிறது. நாம் போன பிறகும் எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டுவார், மெகாத்தொடரின் அடுத்த பகுதி வரும் என்பது பொறுக்கவில்லை. உலகமே ஒன்றாகப் போவதென்றால் அது ஒருவகைச் சமபந்தி. வீட்டுக்கடன் தவணையும் அதோடு தீரும்.

ஆனால் மெய்யான அழிவுக்குப் பத்திரிகை அடிக்கும் வழக்கமில்லை. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினக் கரையில் அன்று காலை விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு யாரும் தேதி சொல்லியிருக்கவில்லை, கிழமையும் சொல்லியிருக்கவில்லை. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் போனார்கள். அவர்களுடைய உலகம் அன்று அழிந்தது. நம்முடையது அழியவில்லை என்பதால் அதை நாம் பிரளயக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதற்குப் பின், 2007-இல், ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. கடலடியில் நிலம் நடுங்கினால் அலை எப்போது எந்தக் கரையைத் தொடும் என்று அங்குள்ளவர்கள் சில நிமிடங்களில் கணித்துச் சொல்கிறார்கள். அதில் கிரகமில்லை, யாகமில்லை, பறக்கும் தட்டுமில்லை. அதனால்தானோ என்னவோ, தேநீர்க்கடையில் அதைப் பற்றி யாரும் பேசி நாம் கேட்டதில்லை.