மெழுகா, பாலிஷா? – ஒரு பானட் சொன்ன பாடம்

மக்களே, இந்த வாரம் சினிமா, செமஸ்டர் புலம்பல் ரெண்டுக்கும் லீவு. கார் பெயிண்டுக்கு மேல எதைப் பூசணும்னு எழுதப் போறேன். "உன்கிட்ட ஏதுடா கார்?"னு ஹாஸ்டல் மக்கள் கேக்குறது காதுல விழுது. என்கிட்ட இல்லதான். எங்கப்பாகிட்ட இருக்கு. அதைக் கெடுத்தது நான். அதனால இதைப் பத்தி எழுத எனக்குத் தகுதி நிறையவே உண்டு.

ஊர் தூத்துக்குடி. வண்டி 2011 மாடல் வேகன் ஆர், மெரூன் கலர், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அப்பா வாங்கின முதல் கார். அநேகமா கடைசியும் அதுதான். தினமும் காலைல ஒரு வாளித் தண்ணி, ஒரு பழைய பனியன் துணி. ஞாயித்துக்கிழமைன்னா வாளியில ஒரு கைப்பிடி சோப்புத்தூளும் சேரும்.

போன வருஷம் அக்கா கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு நம்ம வண்டியேதான்னு அப்பா முடிவு பண்ணிட்டார். வண்டியோ மங்கிக் கிடந்துச்சு. வெயில்ல பாத்தா பானட் முழுக்க சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல். "நான் பாத்துக்கிறேன்பா"ன்னு வீரமா சொல்லிட்டு, கடைக்குப் போய், "வண்டி பளபளன்னு ஆகணும் அண்ணாச்சி"ன்னு கேட்டேன். அவர் ரப்பிங் காம்பவுண்டு டப்பாவை எடுத்து வச்சார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. நான் கேட்டதுக்குச் சரியான பதில்தான். கேட்ட கேள்விதான் தப்பு.

இங்கதான் விஷயமே இருக்கு. காம்பவுண்டு, பாலிஷ், மெழுகு (அதாங்க வாக்ஸ்) மூணையும் நம்ம ஊர்ல பொதுவா "பாலிஷ்"னுதான் சொல்றோம். ஆனா மூணும் ஒரு வேலை செய்றதில்ல. காம்பவுண்டுலயும் பாலிஷ்லயும் நுண்ணிய பொடி இருக்கும். அது பெயிண்டோட மேல்பரப்பைத் தேய்ச்சு எடுக்கும். காம்பவுண்டு உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி, பாலிஷ் அதுக்குத் தம்பி. சுத்தமான மெழுகு எதையும் எடுக்காது. மேல ஒரு படலமா உக்காரும். அதாவது ரெண்டு கழித்தல், ஒண்ணு கூட்டல்.

கழிக்கிறதுக்கு அங்க எவ்வளவு இருக்கு? இப்ப வர்ற பெரும்பாலான கார்கள்ல கலருக்கு மேல கிளியர் கோட்னு நிறமே இல்லாத ஒரு பூச்சு இருக்கும். பளபளப்பு மொத்தமும் அதுலதான். அதோட தடிமன் சுமாரா 40, 50 மைக்ரான். நம்ம தலைமுடியே பல பேருக்கு அதை விடத் தடிமன். பானட்ல மடிப்பு வர்ற இடங்கள்ல அது இன்னும் மெலிசா இருக்கும்.

இது எதுவும் அன்னிக்கு எனக்குத் தெரியாது. நண்பன் பட்டறையில இருந்து பாலிஷ் மெஷினைக் கடன் வாங்கிட்டு வந்து, பானட் மடிப்பு மேலயே வச்சு அழுத்தினேன். ரெண்டே நிமிஷம். உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப் போச்சு. தண்ணி விட்டா சரியாகும், துணி வச்சுத் துடைச்சா சரியாகும்னு அரை மணி நேரம் அதுக்கு முன்னாடியே நின்னேன். ஒண்ணும் ஆகல. பானட் முழுசையும் திரும்ப அடிக்கணும்னு பெயிண்டர் சொன்னார். கல்யாணச் செலவுக்கு நடுவுல அதை வீட்டுல எப்படிக் கேக்குறது?

அப்பா வந்து பாத்தார். விரலால ஒரு தடவை தடவிப் பாத்தார். "வண்டிதானல, விடு"ன்னுட்டு உள்ள போயிட்டார். கல்யாணத்தன்னிக்கு வண்டிக்குப் பூ கட்ட வந்தவர்கிட்ட, "இந்த இடத்துல கொஞ்சம் கூடுதலா வைங்க"ன்னு சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் பானட்டைச் சுவரைப் பாக்க வச்சுதான் வண்டியை நிறுத்தினார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அந்தக் குத்த உணர்ச்சியிலதான் படிக்க ஆரம்பிச்சேன். மெழுகுல ராஜா கார்னாபா. பிரேசிலோட வடகிழக்குல வளர்ற ஒரு வகைப் பனையோட இலையில இருந்து எடுக்குறாங்க. நம்ம பனைக்குத் தூரத்துச் சொந்தம்னு வச்சுக்கலாம். தேன்மெழுகு 60 டிகிரி தாண்டினதும் உருகிடும். கார்னாபாவுக்கு 80க்கு மேல வேணும். ஆனா டப்பாவுல இருக்குறது மத்த மெழுகும் கரைப்பானும் கலந்தது, அதனால நம்ம வெயில்ல ஓரிரு மாசம் தாங்கினா பெரிசு. செயற்கையா செய்ற சீலன்ட் நாலஞ்சு மாசம் வரும். செராமிக் கோட்டிங் வருஷக் கணக்குல நிக்கும், ஆனா காசு அதிகம். அடியில கீறலை எல்லாம் எடுத்துட்டுப் போடலேன்னா கீறலுக்குக் கண்ணாடி மாட்டின கதைதான். டெஃப்லான் கோட்டிங்னு சொன்னா ஒரு நிமிஷம் யோசிங்க. டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேணும். தோசைக்கல்லை அடுப்புல வச்சு அதை ஒட்ட வைக்கலாம், உங்க காரை வைக்க முடியாது.

எங்க ஊருக்கு எது சரி? உப்புக் காத்து, காக்கா எச்சம், வாசல்ல வேப்பமரம். வண்டி நிக்கிறது வெட்டவெளியில. அதனால நான் எடுத்தது சீலன்ட். மினுமினுப்புல கார்னாபா ஒரு படி மேலன்னு சொல்றாங்க, இருக்கட்டும். எங்களுக்கு வேண்டியது காவல், அழகுப் போட்டி இல்ல.

வாங்குறதுக்கு முன்னாடி டப்பாவைத் திருப்பிப் படிங்க. "கிளீனர் வாக்ஸ்"னு இருந்தா அதுலயும் தேய்க்கிற சரக்கு இருக்கும்னு அர்த்தம். கலர் மேல கிளியர் கோட் இல்லாத பழைய வண்டிகள்ல பாலிஷ் போட்டா துணியில வண்டியோட கலரே வரும், பயந்துடாதீங்க. ஆனா அது உங்க பெயிண்டுதான், குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க. பூசுற நேரம் காலையோ சாயங்காலமோ நிழல்ல, தகடு குளிர்ந்த பிறகு. மெல்லிசாப் போதும். துணி மைக்ரோஃபைபர். அப்புறம் அந்தச் சோப்புத்தூளை மறந்துடுங்க, போட்ட மெழுகை அதுதான் கழுவிட்டுப் போகும். கார் ஷாம்பூ போதும். தண்ணி ஊத்தினா முத்து முத்தா நிக்குதா? படலம் இருக்கு. பரவி அப்படியே நிக்குதா? திரும்பப் போடுற நேரம் வந்தாச்சு.

பொங்கல் லீவுல அப்பாவும் நானும் சேர்ந்து போட்டோம். பானட்டை நான் எடுத்துக்கிறேன்னேன், விடல. அந்த வெளிறின இடத்துக்கு வந்ததும் டப்பாவுல இருந்து இன்னும் கொஞ்சம் தோண்டி எடுத்தார். "அப்பா, எவ்வளவு போட்டாலும் போனது வராதுப்பா. அங்க கிளியர் கோட்டே இல்ல"ன்னு நான் கத்துக்கிட்டதை எல்லாம் எடுத்து விட்டேன். "தெரியும்ல. இருக்குறதாவது நிக்கட்டும்"னு சொல்லிட்டு அங்கேயே ரெண்டாவது தடவையும் தடவினார்.

இப்ப வண்டி தெருவைப் பாத்துதான் நிக்குது.